ஏ.சி. நின்ற மத்தியானம்

மூன்று பேரும் தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். நான், என் வீட்டுக்காரர் முனுசாமி, என் தோழி நூர்ஜகான். கத்திரி வெயில் மத்தியானம். வெளியே தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் நேரம். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஒரு நாய்கூட நடமாடவில்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் ஏ.சி. பெட்டி 'ஹோ'வென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானாக அடங்க வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தோம்.

"இன்னா கலா, நிக்குமா?" என்றார் வீட்டுக்காரர்.

"கம்முனு இருய்யா. நீ பேசிக்கினே இருந்தா எப்டி கேக்கும்?"

"ரிமோட்ட அமுக்குனா நிக்கப் போவுது. அதுக்கு இன்னாத்துக்குமே மூணு பேரு?" என்று நூர்ஜகான் சிரித்தாள்.

அவளுக்கு விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. அந்த ஏ.சி. தானாக நின்றால்தான் என் மகள் பிள்ளை பெற என் வீட்டுக்கு வருவாள். நிற்காவிட்டால் மாமியார் வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

ஏ.சி. நிற்பதற்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன வாரம் ஐஸ் வண்டியைப் பற்றி எழுதியபோதே இதைச் சொல்ல நாக்கு துடித்தது. அடக்கி வைத்திருந்தேன். இந்த வாரம் அடக்க முடியாது.

மாப்பிள்ளைக்கு வேர்த்த கதை

எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. ஒரு பெரிய அறை, பின்னால் சமையலறை. கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் கத்திரியில் கடல்காற்று வந்து சேர்வதற்குள் ஷீட்டு பழுத்துவிடும். கட்டில் கம்பியைத் தொட முடியாது. குடிக்க வைத்த தண்ணீர் வெந்நீராகிவிடும்.

மகள் பிரியாவுக்குக் கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை விருந்துக்கு வருகிறாரே என்று ஆசை ஆசையாக ஏ.சி. வாங்கி மாட்டினோம். காலையிலிருந்தே ஓட விட்டோம். அது பாட்டுக்கு ஓடியது. அறை பாட்டுக்கு வெந்தது. மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்து வஞ்சிர மீன் வறுவலைச் சாப்பிட்டார். அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"நல்லா கூலா இருக்கு அத்தை" என்றார் அந்தப் பிள்ளை. தங்கமான குணம். எனக்குத்தான் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிப் பக்கம். தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். கீழே கடை, மாடியில் வீடு. அறைக்கு அறை ஏ.சி. எங்கள் பெண்ணும் அவர்கள் பையனும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள். சம்பந்தியம்மா பொன்னுத்தாய் முதலில் முறுக்கிக்கொண்டார், பிறகு ஏற்றுக்கொண்டார். பிரியாவுக்கு மாதம் ஏறியதும் ஒரு நாள் அவரே போன் செய்தார்.

"மதினி, தப்பா நெனைக்காதிய. மொதப் பேறு தாய் வீட்டுலதான்னு எனக்கும் தெரியும். ஆனா இந்த வெயிலுக்கு, உங்க ஷீட்டு வீட்டுல பச்சப்புள்ள கெடக்குமா? இங்கனயே இருக்கட்டுமே. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே பெண். அவள் முதல் பிள்ளையோடு என் வீட்டில் மூன்று மாதம் இருக்க வேண்டும் என்று நான் எத்தனை நாளாகக் கனவு கண்டிருப்பேன்!

"ஒரு தபா வந்து பாருங்க அண்ணி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "உச்சி வெயில்ல வாங்க. கொஞ்ச நேரம் உள்ள குந்திப் பாருங்க. அப்பால சொல்லுங்க."

போனை வைத்ததும் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்தா இன்னாத்த காட்டுவ? அவிஞ்சி போன உருளக்கெழங்கையா?"

எனக்கும் தெரியவில்லை. இன்னும் பெரிய ஏ.சி. வாங்கலாமா என்றுதான் முதலில் யோசித்தேன்.

கதவு அக்கா

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் குளிர் அறைக்கு நான் பொறுப்பு. பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துக் கத்துவது. "கதவ சாத்து! குளிரு போவுது!" என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி, எனக்குக் கதவு அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் பக்கத்துக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கலா என்றால் யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் புயல் அடித்துக் கரண்ட் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. ஜெனரேட்டரும் தண்ணீரில் நின்று செத்துவிட்டது. உள்ளே அறை முழுக்க இறால். முதலாளி பதறியடித்து ஓடி வந்தார். கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். நான் கதவுக்குக் குறுக்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"சார், நீங்க பாத்தா எறா பொழச்சிக்காது. தொறந்தாத்தான் சாவும்" என்றேன். அவரும் நல்ல மனிதர், திட்டிக்கொண்டே போய்விட்டார்.

கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. வந்த பிறகு திறந்தோம். உள்ளே இறால் கல் மாதிரி இருந்தது! மிஷின் ஓடவே இல்லை. சுவரும் கூரையும் கதவும்தான் அத்தனை நாளும் குளிரைப் பிடித்து வைத்திருந்தன. அன்று கம்பெனியில் எல்லாருக்கும் பிரியாணி.

அந்தக் கதையை நூறு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். என் வீட்டுக்கு அது பொருந்தும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

சம்பந்தியம்மாவிடம் வாய்விட்ட மறுநாள், ஃபேன் துடைக்க ஸ்டூலில் ஏறினேன். தலை ஷீட்டுக்குக் கிட்டே போனதும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கீழே இறங்கினேன், அவ்வளவு இல்லை. மறுபடி ஏறினேன், அடித்தது. ஏறியும் இறங்கியும் பார்த்த என்னை வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பார்த்தார்.

"யோவ்! நம்ம வூட்ல கதவு தொறந்து கீதுய்யா!" என்று கத்தினேன்.

அவர் வாசலைப் பார்த்தார். "மூடித்தானமே கீது?"

"அது இல்ல. மேல பாரு. இந்தக் கூரை பூரா தொறந்த கதவுதான்!"

ஏ.சி. பாவம், வாங்கிய நாளிலிருந்து நிற்காமல் ஓடி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளத் தள்ளக் கூரை வழியாகச் சூடு இறங்கிக்கொண்டே இருந்தது. இதில் பெரிய ஏ.சி. வாங்கினால் பெரிதாக ஓடும், அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. கம்பெனியில் கற்றதை வீட்டில் செய்ய வேண்டும். வீட்டைக் குளிர் அறை மாதிரி ஆக்க வேண்டும்!

மேலே வெள்ளை, கீழே மூடி

முதல் வேலை கூரைக்கு வெள்ளை. சுண்ணாம்பில் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்தோம். சிமெண்ட் ஷீட்டின் மேல் கால் வைத்தால் உடைந்து உள்ளே வந்துவிடுவோம். பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் படுத்துக்கொண்டு, நீளத் துடைப்பத்தால் வீட்டுக்காரர் பூசினார். அவர் காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவர். மூட்டை மூட்டையாகக் குளிரைச் சுமந்த உடம்பு, கூரைமேல் வறுபட்டது. கீழே இறங்கும்போது அவர் மீசையும் வெள்ளை.

பூச்சு காய்ந்த அன்று மத்தியானம் ஸ்டூலில் ஏறி ஷீட்டின் அடியில் உள்ளங்கையை வைத்தேன். முன்பெல்லாம் வைத்த கையை உடனே எடுத்துவிடுவேன். அன்றைக்கு வைத்தபடியே நிற்க முடிந்தது. "யோவ், இங்க வந்து தொட்டுப் பாருய்யா" என்று கூவினேன். அவரும் வைத்தார். நூர்ஜகானும் வைத்தாள். மூன்று பேரும் முறை போட்டு ஸ்டூலில் ஏறினோம்.

அடுத்தது உள்கூரை. நூர்ஜகான் என்னோடு கம்பெனியில் இறால் உரித்தவள், இப்போது காசிமேட்டில் தெர்மாகோல் பெட்டி வியாபாரம் செய்கிறாள். மீன் வைத்து அனுப்புகிற வெள்ளைப் பெட்டிகள். ஓட்டையான பெட்டிகளின் மூடிகள் அவளிடம் மலையாகக் கிடந்தன.

"எல்லாத்தையும் எடுத்துக்கமே, பேத்திக்குத்தான?" என்றாள். பேத்தி என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். ப்ளீச்சிங் பவுடர் போட்டு மறுபடி கழுவினோம். வெயிலில் காய வைத்தோம். பிறகு மூவரும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தோம்.

"எனக்கு ஒண்ணும் வரல" என்றாள் நூர்ஜகான்.

"எனக்கும் வரல" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கும் வரவில்லை. பூ மாதிரி இருந்தது.

ஆசாரியை வைத்துச் சட்டம் அடித்து, மூடிகளை நெருக்கி அடுக்கி, கீழே பலகை அடித்தோம். ஷீட்டுக்கும் மூடிக்கும் நடுவே காற்று போக இடம் விட்டோம். தெர்மாகோலுக்கும் நெருப்புக்கும் ஆகாது என்பதால் சமையலறைப் பக்கம் மூடி வைக்கவில்லை, ஒயர்களையும் பைப்புக்குள் விட்டோம். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கைத் துணியைச் சுருட்டி அடைத்தோம். கம்பெனியில் கதவுக்கு உள்பக்கம் பட்டை பட்டையாக பிளாஸ்டிக் திரை தொங்குமே, அதில் பழசு ஒன்றைக் கேட்டு வாங்கி என் வீட்டு வாசலில் தொங்கவிட்டேன். தெருவில் எல்லாரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

'டக்'

இப்போது முதலில் சொன்ன மத்தியானத்துக்கு வந்துவிட்டோம். மூவரும் தரையில், காதைத் தீட்டிக்கொண்டு.

ஏ.சி.யை இருபத்தாறில் வைத்து ஃபேனையும் போட்டிருந்தேன். அறை அந்த அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் அது தானாக நிற்கும். வீட்டுக்காரர் பதினெட்டில் வை, சீக்கிரம் குளிரும் என்று அடம்பிடித்தார்.

"பதினெட்டுல வச்சா வேகமாலாம் ஓடாதுய்யா. நிக்காம ஓடும், அவ்ளோதான். இருபத்தாறும் ஃபேனும் போதும்."

"நீ சொன்னா சரி, கதவக்கா" என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

'ஹோ'வென்று ஓடிக்கொண்டே இருந்தது. நூர்ஜகான் கொட்டாவி விட்டாள்.

'டக்.'

அவ்வளவுதான். சத்தம் அடங்கிவிட்டது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. எங்கேயோ துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. வாங்கிய நாளிலிருந்து ஏ.சி. போட்டால் அதன் இரைச்சல் தவிர வேறொன்றும் எங்களுக்குக் கேட்டதில்லை.

"நின்னுடிச்சி!" என்று வீட்டுக்காரர் எழுந்து குதித்தார். நூர்ஜகான் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். நான் அழுதுவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. ஒவ்வொரு 'டக்'குக்கும் மூவரும் கை தட்டினோம்.

மறுநாளிலிருந்து இன்னொரு வேடிக்கை. எங்கள் கூரைமேல் பூனைகள் வந்து படுக்க ஆரம்பித்தன. தெருவில் உள்ள பூனை, பக்கத்துத் தெருப் பூனை, மீன் மார்க்கெட் பூனை எல்லாம். வெள்ளைக் கூரை முழுக்கப் பூனைக்கால் தடம்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா, கூர எவ்ளோ குளுகுளுன்னு கீதுன்னு பூனைக்கே தெரிஞ்சிப் போச்சு" என்று தெருவில் ஒருவர் விடாமல் சொன்னேன். பூனைக்கு ஒரு தட்டில் பாலும் வைத்தேன்.

வாசலோடு நின்ற மகள்

நான் கூப்பிட்டபடியே சம்பந்தியம்மா உச்சி வெயிலில் வந்தார். பிரியாவும் கூட வந்தாள். ஆட்டோவிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். நான் பிளாஸ்டிக் திரையை விலக்கிப் பிடித்தேன். என் முகத்தில் சிரிப்பு கொள்ளவில்லை.

பிரியா வாசல்படியில் ஒரு கால் வைத்தாள். நின்றாள். துப்பட்டாவை எடுத்து வாயைப் பொத்தினாள்.

"அம்மா... இன்னாமா இது நாத்தம்?"

"நாத்தமா? எங்க?"

"உள்ள கருவாடு காயப் போட்டுக்கிறியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிச் சாக்கடையோரம் ஓடினாள். குமட்டியது. ஆட்டோவிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

நானும் வீட்டுக்காரரும் நூர்ஜகானும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு மூவரும் ஒன்றாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தோம். அங்கே பூனைகள் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஐயோ! இறாலிலும் ஐஸிலும் மீன் பெட்டியிலும் காலம் தள்ளிய மூன்று மூக்குகள். எங்களுக்கு மீன் வாசனை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. செத்த மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து, பூ மாதிரி இருக்கிறது என்று தலைக்கு மேல் அடுக்கி வைத்திருந்தோம். பூனை எதற்கு வந்தது என்று இப்போதுதான் புரிந்தது. எல்லாம் போயிற்று என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். எழுந்து பின்னாலேயே போனேன். அவர் அறை நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். உள்கூரையைப் பார்த்தார். மெல்ல முந்தானையை இறக்கினார். பாயில் உட்கார்ந்தார்.

'டக்.'

"கரண்டு போயிட்டா மதினி?"

"இல்ல அண்ணி. ஃபேன் சுத்துது பாருங்க. ஏ.சி.தான் நின்னுருக்கு."

"ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல அண்ணி. போதும்னு நின்னுருக்கு. வேணும்னா அதுவே ஓடும்."

அவர் ஏ.சி.யை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வீட்டுல அது நின்னதே இல்லியே" என்றார், ஏதோ ரகசியம் சொல்வது போல. "மொட்ட மாடி பகலெல்லாம் காஞ்சி, ராத்திரி பூரா சூட்ட உள்ள எறக்குது. விட்டா வெடிச்சிரும் போல ஏ.சி. ஓடிக்கிட்டேதான் கெடக்கும். இப்படி நிக்கவும் செய்யுமா?"

"செய்யும் அண்ணி" என்றேன்.

அவர் எழுந்து, அறை மூலைக்கு மூலை போய், கையை உயர்த்திக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். "மதினி, நாத்தத்த எடுத்துப் போட்டுரலாம். சூட்ட எடுக்கத்தான் எனக்கு வழி தெரியாமக் கெடந்துச்சி. அந்த மூடிய எல்லாம் எறக்குங்க. புதுசு போடுங்க. நான் மோந்து பாத்துச் சொல்லுதேன். அதுக்கப்புறம் புள்ளையக் கூட்டிட்டு வருதேன்."

வருதேன் என்றார்! நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அண்ணியின் மூக்கு

சீரகத்தையும் மல்லியையும் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து வாங்குகிற குடும்பம் அது. புது மூடிகள் வந்த அன்று சம்பந்தியம்மா நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தார். நூர்ஜகான் ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"எல்லாமே பிரிக்காத கட்டு அக்கா. புத்தம் புதுசு" என்று சத்தியம் செய்தாள்.

"சரி... சரி... இதுவும் சரி..." அண்ணி ஒன்றைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு தடவை முகர்ந்தார். "இதுல நெத்திலி இருந்துருக்கு."

நூர்ஜகான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண்ணிக்கை குறைகிறதே என்று பழைய மூடி ஒன்றைக் கழுவி நடுவில் சேர்த்திருக்கிறாள்.

"இது மூக்கே இல்ல, மிஷினு" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணி சிரித்து அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

பூனைகள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு, ஏமாந்து போய்விட்டன. பிரியா வந்தாள். வாசலில் நின்று மூச்சை இழுத்தாள். நான் மூச்சை அடக்கினேன். அவள் உள்ளே வந்து பாயில் படுத்து, "அம்மா, ஒரு போர்வ குடேன்" என்றாள். என் வீட்டில், கத்திரியில், போர்வை! ஓடிப் போய் எடுத்து வந்தேன்.

அந்த வாரமே வீட்டுக்காரர் துடைப்பத்தோடு தண்டையார்பேட்டைக்குப் போய் அண்ணியின் மொட்டை மாடிக்கு வெள்ளை பூசிவிட்டு வந்தார்.

நூர்ஜகான் சொன்னபடி பெண் குழந்தைதான். அண்ணி தினமும் பேத்தியைப் பார்க்க வருவார், அதுவும் சரியாக மத்தியானச் சாப்பாடு முடிந்ததும். பார்த்துவிட்டு அப்படியே பக்கத்தில் சாய்ந்துவிடுவார்.

ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பினேன். வெளியே அனல். கதவைத் திறந்து, பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கினேன். குழந்தை கையை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பிரியா, மறுபக்கம் அண்ணி. பையைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அண்ணி கண்ணைத் திறக்கவே இல்லை.

"கதவச் சாத்துங்க மதினி! குளிரு போவுதுல்லா!"

எத்தனை வருஷம், எத்தனை பேரைப் பார்த்து நான் கத்திய வார்த்தை! என்னைப் பார்த்து ஒருவர் கத்தியது அன்றுதான். சாத்தினேன். பையை ஓரமாக வைத்துவிட்டு நானும் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.